மூன்றாவது கை

பட்டிமன்றத் தலைப்பு: கைக்குழந்தைகளோடு கடல் கடந்து பறக்கும் பயணம் கரை சேர்வது முன்னேற்பாட்டாலா? மனத்துணிவாலா?

‘முன்னேற்பாட்டாலே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையாரின் உரை

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! துணிச்சல் ஒன்றை மட்டுமே கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டி.வி. முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் நேயர்களே! 

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? “குழந்தைன்னா அழத்தான் செய்யும். அழுதா அழட்டுமே! வானமா இடிஞ்சு விழப்போகுது?” என்று கேட்டார். தம்பி, நீங்க உட்கார்ந்திருக்கிறதே வானத்துலதான்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொன்றும் சொன்னார். “எங்க பாட்டி ஒன்பது பிள்ளைங்களை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு திருவிழாவுக்குப் போனா. அவ என்ன லிஸ்ட் போட்டுக்கிட்டா போனா?” நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

பாட்டி போன மாட்டு வண்டியை நிறுத்தலாம் ஐயா. குழந்தை அழுதால் வேப்பமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, கிளையில் ஒரு தூளி கட்டிவிடலாம். அதைவிட முக்கியம், அந்த வண்டியில் பாட்டி மட்டுமா போனாள்? கூடவே பெரியம்மா, சித்தி, அத்தை, நாத்தனார், ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி! பாட்டிக்கு லிஸ்ட் தேவைப்படவில்லை. ஏன்? அவளைச் சுற்றிப் பத்துக் கைகள் இருந்தன.

இன்றைக்கு நம் வீட்டுப் பெண் எப்படிப் போகிறாள்? புருஷனுக்குப் பதினைந்து நாள்தான் லீவு. அவர் முன்னாடியே போய்விட்டார். இவள் பின்னால் போகிறாள். மூன்று வயதுப் பையன் ஒரு கையில். ஏழு மாதக் கைக்குழந்தை இன்னொரு கையில். பாஸ்போர்ட்டை எந்தக் கையால் நீட்டுவாள்? பையை எந்தக் கையால் தூக்குவாள்? கடவுள் மனுஷிக்கு இரண்டு கைதான் கொடுத்தான். மூன்றாவது கையை அவளேதான் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவது கைக்குப் பேர்தான் நடுவர் அவர்களே, முன்னேற்பாடு! (பலத்த கைதட்டல்)

எவ்வளவு நேரப் பயணம் என்பதை முதலில் பார்ப்போம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகிறாள் என்று வையுங்கள். துபாய்க்குச் சுமார் 4 மணி நேரம். அங்கே ஒரு காத்திருப்பு. அப்புறம் ஒரே மூச்சில் சுமார் 16 மணி நேரம். இந்த வாசற்படியிலிருந்து அந்த வாசற்படி வரை கணக்குப் பார்த்தால் 30 மணி நேரத்தைத் தொட்டுவிடும். நம்ம ஊர் பஸ்ஸில் “கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க, புள்ளை வாந்தி எடுக்குது” என்றால் நிறுத்துவார். நடுவானத்தில் யாரய்யா நிறுத்துவார்? (சிரிப்பு)

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே ஏற்பாடு ஆரம்பமாகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் வரலாம். வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு வயது முடிந்தால் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போகும்போது ஒன்றே முக்கால் வயது. தாத்தா வீட்டில் மூன்று மாதம் கொஞ்சிவிட்டுத் திரும்பும்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும். பிறந்த நாளைக் கணக்குப் போடாமல் விமான நிலையத்தில் போய் நின்றுகொண்டு, “எனக்கு மனத்துணிவு இருக்கு சார்” என்றால் உள்ளே விடுவானா? (சிரிப்பு)

அடுத்தது தொட்டில். பெரிய விமானங்களில் தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள வரிசையில் கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டித் தருவார்கள். ஒரு விமானத்தில் நாலைந்து இடம் இருந்தால் பெரிது. டிக்கெட் எடுத்த அன்றைக்கே போன் பண்ணிக் கேட்க வேண்டும். குழந்தையின் எடைக்கு வரம்பு உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதையும் கேட்க வேண்டும். தொட்டில் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகக் கால் நீட்டவும் முடியாது. விமானம் ஆட ஆரம்பித்து பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்குகிற குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தே ஆக வேண்டும். அந்த வரிசையில் காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள், புறப்படும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். இதெல்லாம் முன்னாடியே தெரிந்தவள், ஒரு பால் பாட்டிலையும் ஒரு துணியையும் கையிலேயே வைத்துக்கொள்வாள். தெரியாதவள், தலைக்கு மேலே இருக்கிற பையைப் பார்த்துக்கொண்டே குழந்தையோடு சேர்ந்து அழுவாள்!

எதிரணித் தலைவர் அம்மா உருக்கமாகச் சொன்னார்கள்: “விமானம் இறங்கும்போது குழந்தை வீறிட்டு அழும். அப்போது தாய் கலங்காமல் தாலாட்டுப் பாட வேண்டும்.” அம்மா, பாடுங்கள். உங்கள் குரல் நல்ல குரல். (சிரிப்பு) ஆனால் குழந்தை ஏன் அழுகிறது என்று பார்த்தோமா?

ஊட்டிக்குப் போயிருக்கிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது காது ‘கும்’மென்று அடைத்துக்கொள்கிறதா, இல்லையா? விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதுபோலத்தான் வைத்திருப்பார்கள். அதாவது நாம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கும்போது அந்த மலையை அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழல் போகிறது. எச்சில் விழுங்கினால் அது திறக்கும், காற்று உள்ளே போகும், வலி போய்விடும். பெரியவர்களுக்குக் கொட்டாவி விடத் தெரியும். குழந்தைக்கு அந்தக் குழல் இன்னும் குறுகல். விழுங்க வேண்டும் என்று அதற்குத் தெரியுமா?

அப்போது என்ன செய்ய வேண்டும்? இறங்கும் நேரத்துக்குப் பசி இருக்கும்படி பால் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். விமானம் இறங்க ஆரம்பித்ததும் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுக்க வேண்டும். தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும். பெரியவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு உறிஞ்சு குழலும் போதும். சளியோ காது வலியோ இருந்தால் புறப்படுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நடுவர் அவர்களே, தாலாட்டு அழுகை வந்த பிறகு பாடுவது. பால் நேரம் அழுகை வராமல் தடுப்பது. எது கரை சேர்க்கும்? (கைதட்டல்)

இப்போது பைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வேலை செய்தாள். எல்லாத் துணியையும் ஒன்றாகத் திணிக்கவில்லை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள் எடுத்தாள். ஒவ்வோர் உறையிலும் ஒரு டயபர், கொஞ்சம் ஈரத்துணி, ஒரு மாற்று உடை, அழுக்கைப் போட ஒரு காலி கவர். விமானத்துக் கழிப்பறை எவ்வளவு பெரிசு? நம்ம வீட்டு பீரோவைவிடச் சின்னது! (சிரிப்பு) அதற்குள் பெரிய பையோடு போக முடியுமா? ஓர் உறையை எடுத்தாள், போனாள், வந்தாள். இன்னொரு உறையில் தனக்கு ஒரு மாற்று உடை வைத்திருந்தாள். குழந்தை வாந்தி எடுத்தால் தன் சட்டை மேலா எடுக்கும்? அம்மா மேலேதானே எடுக்கும்!

பவுடர் பால் குடிக்கிற குழந்தையா? முன்கூட்டியே கலக்கி வைக்காதீர்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. வேளைக்கு வேளை அளந்து, உலர்ந்த டப்பாக்களில் பவுடரைப் போட்டு, பிளாஸ்க்கில் கொதித்து ஆறிய நீரை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி 2006-லிருந்து இருக்கிறது. ஆனால் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. ஒளிக்காமல் தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

மூன்று வயதுப் பையன் இருக்கிறானே, அவன்தான் பெரிய பரீட்சை. கைக்குழந்தையைத் தொட்டிலில் போடலாம்; இவனை எதில் போடுவது? (சிரிப்பு) எல்லா விளையாட்டுச் சாமானையும் ஒரே நேரத்தில் கொட்டினால் அரை மணியில் அலுத்துவிடும். அதனால் மணிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். ஒட்டுப் படம், பழைய சாவிக்கொத்து, கலர் பென்சில், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வையுங்கள். சுற்றியதைப் பிரிப்பதே பத்து நிமிஷ வேலை. போனில் படம் காட்டுவதானால் வீட்டிலேயே இறக்கிவைத்து, அவன் தலைக்குப் பொருந்துகிற ஹெட்போனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டயபரை விட்டுவிட்ட பையனாக இருந்தாலும், இந்த ஒரு நாள் போட்டுவிடுங்கள். பெல்ட் விளக்கு எரியும்போது அவன் “அம்மா, ஒண்ணுக்கு” என்பான். அது உலக நியதி! (சிரிப்பு)

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன்.

ஒன்று. புறப்படுகிற அன்று வீட்டில் யாராவது ஒருவர் காதோடு வந்து சொல்வார்: “அரை ஸ்பூன் சளி மருந்து கொடுத்துடும்மா. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கப்புனு தூங்கும்.” தாய்மார்களே, அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் அந்த வகை மருந்துகளில் புரோமெதசின் என்று ஒன்று. அது சின்னக் குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடக் கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துச் சீட்டிலேயே கட்டம் கட்டி அச்சிட வைத்திருக்கிறது. சில குழந்தைகள் இதைக் குடித்துவிட்டுத் தூங்காமல் வெறி பிடித்த மாதிரி ஆடுவதும் உண்டு. டாக்டர் எழுதித் தராத ஒரு சொட்டு மருந்தும் வேண்டாம். பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்பதற்காக நம் குழந்தையின் மூச்சை அடகு வைக்கலாமா? (கைதட்டல்)

இரண்டு. 1989 ஜூலை 19. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானத்தில், வால் பக்கத்து எஞ்சின் வெடித்துச் சிதறியது. ஸூ சிட்டி என்ற ஊரில் அவசரமாக இறக்கினார்கள். 296 பேரில் 112 பேர் இறந்துபோனார்கள். அந்த விமானத்தில் மடியில் வந்த குழந்தைகள் நான்கு. தரையில் மோதும் வேகத்தில் எந்தத் தாயாலும் குழந்தையைக் கையில் பிடித்துவைக்க முடியாது. அதனால் அன்றைய விதிப்படி, குழந்தைகளைக் காலடியில் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று குழந்தைகள் பிழைத்தன. ஒரு குழந்தை பிழைக்கவில்லை.

அந்த உத்தரவைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் என்ற அம்மையார். குழந்தைக்கும் தனி இருக்கை, தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று அதற்குப் பிறகு பல ஆண்டுகள் போராடினார். சட்டம் இன்றைக்கும் மடியை அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையே, குழந்தைக்குத் தனி இருக்கையும் அதில் மாட்டும் குழந்தை நாற்காலியும்தான் பாதுகாப்பு என்று பரிந்துரை செய்கிறது. கலிபோர்னியாவில் இறங்கினால் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காரில் ஏற்றவும் அப்படிப்பட்ட நாற்காலி வேண்டும். அதை விமானத்திலேயே பயன்படுத்தலாமா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். வசதி இல்லையா? குற்றமில்லை. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாயின் பெல்ட்டோடு கோக்கிற சின்ன பெல்ட் கொடுப்பார்களா என்று கேளுங்கள். அந்த விமானத்தில் இருந்த தாய்மார்களுக்குத் துணிவு இல்லையா நடுவர் அவர்களே? அன்பு இல்லையா? எல்லாம் இருந்தது. குழந்தைக்கென்று ஓர் ஏற்பாடுதான் இல்லை. (அரங்கம் அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

எதிரணியில் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார்கள். ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, துன்பம் வரும்போது கலங்காதே என்கிறாரே என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எத்தனையாவது அதிகாரம்? 63. அதற்கு வெகு முன்னால், 47-வது அதிகாரமாக வள்ளுவர் எதை வைத்தார்? ‘தெரிந்து செயல்வகை’! ஆராய்ந்து, திட்டமிட்டு, அப்புறம் இறங்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான், மீறி வந்தால் கலங்காதே என்றார். 47-ஐப் படிக்காமல் 63-க்குத் தாவுகிறார்களே, இவர்களை என்ன செய்வது? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, பக்கத்தில் இருக்கிற மனுஷங்க உதவ மாட்டாங்களா? அதையும் எதிரணி சொன்னாங்க.

உதவுவாங்க ஐயா. பத்தில் எட்டுப் பேர் நல்லவங்கதான். ஆனால் “யாராச்சும் உதவுங்களேன்” என்று பொதுவாகக் கண்ணைக் கசக்கினால் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாது. “அண்ணா, பையனைப் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். அஞ்சு நிமிஷம் தொட்டிலைப் பார்த்துக்குறீங்களா?” என்று கேட்டால் பார்த்துக்கொள்வார். உட்கார்ந்த உடனே ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, ‘ரெண்டு பேரோட தனியா போறேன்’ என்று ஒரு வார்த்தை. அதுவும் முன்னேற்பாடுதானே!

விமானம் இறங்கியதோடு பயணம் முடிந்ததா? இல்லை. கோடைக் காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். நம்ம பகல் அவர்களுக்கு ராத்திரி. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைகள் இரண்டும் எழுந்து உட்கார்ந்து, “அம்மா, இட்லி” என்று கேட்கும். (சிரிப்பு) உடம்பு பழகச் சில நாட்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். பகலில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். ராத்திரி விளக்கைப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், அந்த முதல் சில ராத்திரிகளில் எழுந்திருப்பது யார் என்று புருஷனும் பெண்டாட்டியும் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். 30 மணி நேரம் கண் மூடாமல் வந்தவளே அன்றைக்கும் எழுந்திருக்க வேண்டுமா? மாப்பிள்ளைமார்களே, முறை வைத்துக்கொள்ளுங்கள்! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடித்துவிடுகிறேன் ஐயா. கடைசியாக நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. அவள் புறப்படுகிற அன்று நாம் என்ன செய்கிறோம்? அன்பு பொங்கிப் பொங்கி வருகிறது. முறுக்கு ஒரு டின், பருப்புப் பொடி ஒரு கிலோ, ஊறுகாய் ரெண்டு பாட்டில், கூடவே ஒரு கட்டுக் கறிவேப்பிலை. கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடவே மாட்டார்கள்! ஏற்கெனவே இரண்டு குழந்தையைத் தூக்கியவள் தோளில் இதையும் மாட்டி, “பத்திரமா போய்ட்டு வா கண்ணு” என்று அழுகிறோம்.

நடுவர்: அப்ப ஊறுகாயே கூடாதுங்கிறீங்களா?

ஊறுகாய் பெரிய பெட்டியில் போகட்டும் ஐயா, அவள் தோளில் போக வேண்டாம்! (சிரிப்பு) அவளுக்கு நாம் கொடுக்கக் கூடிய பெரிய சீர் எது தெரியுமா? புறப்படுவதற்கு முந்தின நாள், “பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன், நீ போய் ஆறு மணி நேரம் தூங்கு” என்று சொல்வதுதான். அவள் தூங்குகிற நேரத்தில் நாம் உறைகளைக் கட்டலாம், பவுடரை அளக்கலாம், பொம்மையைக் காகிதத்தில் சுற்றலாம்.

முன்னேற்பாடு என்றால் அது அம்மா ஒருத்தியின் தலையில் கட்டுகிற இன்னொரு வேலை இல்லை, நடுவர் அவர்களே. அன்றைக்கு அந்த மாட்டு வண்டியில் பெரியம்மாவும் சித்தியும் அத்தையும் கை கொடுத்தார்களே, அந்தக் கைகள் இன்றைக்கு விமானத்தில் ஏற முடியாது. அவர்கள் கட்டிக் கொடுத்த பை ஏறும். யோசித்துச் சொன்ன யோசனை ஏறும். கொடுத்த ஓய்வு அவள் உடம்பில் ஏறும். துணிவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் துணிவே எங்கிருந்து வருகிறது? ‘எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது’ என்ற நிம்மதியிலிருந்துதான் வருகிறது!

ஆகவே கைக்குழந்தைகளோடு கடல் கடந்து போகிறவளைக் கரை சேர்ப்பது முன்னேற்பாடே, முன்னேற்பாடே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்! (நீண்ட கைதட்டல்)